பாதை அடைபட்டு வந்தவர்களைத் தோட்டத்தில் தங்கவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா சூறாவளி இலங்கையில் கரையேறியது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் சரியாத மலையைத் தேட வேண்டியிருந்தது. ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. கரண்ட் போனது, போனும் போனது. பஸ், வேன், லொறி எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. அப்படி வழியில் மாட்டிக்கொண்டவர்களைப் பல தேயிலைத் தோட்டங்களில் ஆட்கள் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டுத் தங்கவைத்தார்கள். எங்கள் தோட்டத்து டிவிசனிலும் அது நடந்தது. அதற்குப் பிறகு மற்றத் தோட்டத்துக் கோவில் கமிட்டிக்காரர்களும் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளும் எங்களிடம் கேட்டவற்றைத்தான் இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். ஒக்டோபர், நவம்பர் வந்தால் இடைப்பருவ மழை, மே மாதத்தில் தென்மேல் மழை. அடுத்த முறை எந்தத் தோட்டத்து முன்னால் பஸ் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

ரோட்டில் ஒரு பஸ் மாட்டிக்கொண்டது என்று சேதி வருகிறது. முதலில் என்ன செய்வது?

எல்லோரும் முதலில் தேத்தண்ணிக் கேத்தலைத்தான் தூக்குகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் முதல் வேலை அது இல்லை. பஸ் எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். வெட்டிய மண்திட்டுக்குக் கீழே நிற்கிறதா, ஓடை ரோட்டைக் கடக்கும் இடத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் ஆட்களை உடனே இறக்கி, பாதுகாப்பான பக்கமாக நடத்திக் கூட்டி வர வேண்டும். மழைக்குப் பஸ்தான் பாதுகாப்பு என்று பயணிகள் நினைப்பார்கள், இறங்க மாட்டார்கள். நம் மலை நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேச வேண்டியிருக்கும்.

போகிறவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். ஐம்பது பேர் வேடிக்கை பார்க்க இறங்கினால், அடுத்த சரிவில் நம் ஆட்களும் சேர்ந்து போவார்கள். நடக்க முடியாதவர், கைக்குழந்தைக்காரர், கர்ப்பிணி, நோயாளி யார் யார் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள். போன் வேலை செய்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிசுக்கு 119, அம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1990. மூன்றும் காசில்லாமல் எடுக்கலாம்.

லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளிலேயே) வைத்துக்கொள்ளலாமா? எங்கள் வீட்டில் இடம் தருகிறோம் என்று நிறையப் பேர் சொல்கிறார்களே?

சொல்வார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற குடும்பம்கூட, இன்னும் இரண்டு பேரை அனுப்புங்கள் என்று சொல்லும். அந்த வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து. இடம் போதாது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. லயங்களில் பல, எங்கே கட்டக் கூடாதோ அங்கே நிற்கின்றன: ஒன்றில் சரிவின் அடியில், இல்லையென்றால் சரிவின் விளிம்பில். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு ஆட்களும் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. வெளியாளைக் காப்பாற்றுகிறோம் என்று கூட்டி வந்து அப்படிப்பட்ட சுவருக்குப் பக்கத்தில் படுக்கவைப்பது உபசாரம் ஆகாது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். இந்த மழைக்கு நாமே எங்கே போய்ப் படுப்போம்? அந்த இடத்துக்குத்தான் விருந்தாளியும் போக வேண்டும். பாடசாலை, கோவில் மண்டபம், பிள்ளைக் காம்பரா (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), வாசகசாலை, தேயிலை ஸ்டோர் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு மூன்று கட்டடம் இருக்கும். அவற்றில் மேலே மண்திட்டு இல்லாதது எது, ஓடைக்குத் தள்ளி இருப்பது எது, கக்கூஸ் இருப்பது எது என்று மழை இல்லாத காலத்திலேயே பார்த்துவைக்க வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான். பாடசாலைச் சாவி வாச்சரிடம், வாச்சர் டவுனில், டவுனுக்குப் போகிற பாதை மண்ணுக்குள் என்றால் என்ன செய்வீர்கள்? பூட்டை உடைக்கலாம், தப்பில்லை. அதிபரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பூட்டும் மிஞ்சும்.

தோட்ட நிர்வாகத்தின் கட்டடம் என்றால் துரைக்கு (தோட்ட மனேஜருக்கு) எழுத்தில் ஒரு கடிதம் முன்பே கொடுத்துவையுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பங்களாவுக்கு ஏறி அனுமதி கேட்பது வேறு கதை.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை வருகிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

மண்சரிவு எச்சரிக்கை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் கிளம்புங்கள். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல் நிலை, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினாலோ ஒரே மணிநேரத்தில் 75 கொட்டினாலோ மூன்றாவது.

டித்வா நேரத்தில் தமிழில் அறிவிப்புகள் பிந்தி வந்தன என்ற முறைப்பாடு நாடு முழுவதும் எழுந்தது. கரண்டும் சிக்னலும் போன பிறகு எந்த மொழியில் வந்தாலும் நம் கைக்கு வராது. அதனால் ஓரம் நேராக இருக்கிற ஒரு பால்மா டின்னை மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். அதில் தேங்கும் தண்ணியின் உயரத்தை ஸ்கூல் அடிமட்டத்தால் அளந்தால் அதுதான் மில்லிமீற்றர். ஏழரை சென்ரிமீற்றர் நின்றால் மஞ்சள் வந்துவிட்டது என்று நீங்களே முடிவு எடுக்கலாம். சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, சாய்கிற மரமும் போஸ்டும், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, பீலியில் (ஊற்றுத் தண்ணி பிடிக்கும் குழாயில்) தண்ணி திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். வந்தவர்களையும் எழுப்பிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?

ஒரே அடுப்பு. ஒரே கணக்கு. இதை மட்டும் யாரும் மாற்றாதீர்கள்.

வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டு வருவது பார்க்க அழகாக இருக்கும். முதல் நாள் ரொட்டியும் சம்பலும் மலைபோலக் குவியும், பாதி வீணாகும். இரண்டாம் நாள் யாரிடமும் மா இருக்காது. பாதை அடைபட்டது வந்தவர்களுக்கு மட்டுமல்ல, நம் கடைக்கும் லொறி வராது. அதனால் முதல் மணிநேரத்திலேயே தோட்டத்தில் இருக்கிற அரிசி, மா, பருப்பு, சீனி, மண்ணெண்ணெய் எவ்வளவு என்று கூட்டுறவுக் கடையிலும் மற்றக் கடைகளிலும் கேட்டு எழுதுங்கள். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாதபோது, ஒரு வாரம் என்று எடுத்துக்கொண்டு பங்கு போடுவது நல்லது. கோவில் திருவிழாவுக்கு அன்னதானம் போடுகிற ஆட்களும் அண்டாவும் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அவர்கள் கையில் விட்டுவிட்டு மற்றவர்கள் தள்ளி நின்றால் போதும். விறகு நனைந்திருக்கும். ஸ்டோருக்குப் பக்கத்தில் காய்ந்த விறகு கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

முதலில் கொடுக்க வேண்டியது சூடான சாயத்தண்ணி, சீனி கூடுதலாகப் போட்டு. நனைந்து குளிரில் விறைத்து வந்தவருக்கு உடனே சோறு இறங்காது. கூடவே காய்ந்த துணி. நம் வீட்டுக் கம்பளிகளைச் சேர்க்கும்போது எந்த வீட்டுக் கம்பளி எது என்று மூலையில் நூலால் அடையாளம் வைத்துவிடுங்கள், பின்னால் சண்டை வராது.

தண்ணி கொதிக்கவைத்துத்தான். மண் சரிந்தால் மேலே உள்ள கக்கூஸ் குழியும் ஓடையும் ஒன்றாகிவிடும். பீலித் தண்ணி தெளிவாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

அப்புறம், யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்று கேளுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள், முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும், பௌத்த பிக்கு ஒருவர் இருந்தால் மதியத்துக்குப் பிறகு சாப்பிட மாட்டார். எல்லாவற்றுக்கும் சுலபமான வழி, பருப்பும் மரக்கறியும் மட்டும் சமைப்பது. கோழி அடித்து விருந்து வைக்க ஆசைப்படுகிறவர்களைத் தடுக்க வேண்டியிருக்கும். தடுங்கள்.

செலவு யார் தலையில் விழும்?

ஏற்பாடு இல்லையென்றால் இல்லை என்று சொல்லத் தெரியாத வீட்டின் தலையில் விழும். அந்த வீடுதான் பெரும்பாலும் தோட்டத்திலேயே ஏழை வீடாக இருக்கும். மழையில் வேலை நின்றால் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350. அப்படிப்பட்ட சம்பளத்தில் வாழ்கிறவர் கடையில் கடன் கொப்பியில் எழுதி வெளியாளுக்குச் சோறு போட்டால், அடுத்த மாதம் அவர் பிள்ளைக்குச் சப்பாத்து இல்லை.

ஆகவே ஒரு கொப்பி போடுங்கள். எந்த வீடு எவ்வளவு மா கொடுத்தது, எந்தக் கடையிலிருந்து எவ்வளவு எடுத்தோம், எல்லாம் எழுத்தில். அனர்த்தத்தில் சமைத்த உணவுக்கும் உலர் உணவுக்கும் பிரதேச செயலகம் வழியாக அரச ஒதுக்கீடு இருக்கிறது. கிராம அலுவலர் மூலம் கேட்கும்போது ஆள் எண்ணிக்கையும் நாளும் எழுதிய கணக்கு கையில் இருந்தால் பேச்சு சுலபம். கணக்கு எழுதுகிறவர் இளைஞர் மன்றத்துப் பிள்ளையாக இருக்கட்டும், கோவில் பொருளாளர் ஒருவர் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். தொழிற்சங்கக் கட்சி பார்த்துப் பிரிந்தால் இந்த இடத்தில்தான் பிரிவீர்கள். எங்கள் தோட்டத்தில் இரண்டு சங்கத்துத் தலைவர்களையும் ஒரே கொப்பியில் கையெழுத்து வைக்கச் சொன்னோம், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே வைத்தார்கள்.

வந்தவர்கள் தமிழ் தெரியாதவர்கள் என்றால்?

சமாளிக்கலாம். நம் பிள்ளைகளில் கொழும்பில் கடை வேலை செய்து வந்தவர்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், ஹோட்டலில் வேலை செய்தவர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒருவரை நிறுத்தி, தினமும் காலையும் மாலையும் நிலைமையைச் சொல்லவையுங்கள். ஒன்றும் புதிதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத இடத்தில்தான் வதந்தி வளர்கிறது.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு?

இது அவசரம். பிரஷர், சீனி வியாதி, ஆஸ்துமா, வலிப்பு மருந்து யாருக்கு, எத்தனை நாளைக்குக் கையில் இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். மாத்திரை முடிந்த பிறகுதான் ஆட்கள் வாயைத் திறப்பார்கள். தோட்ட டிஸ்பென்சரிக்காரரிடம் பட்டியலைக் கொடுங்கள். அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் அதே நிற மாத்திரைதான் என்று எடுத்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. இன்சுலின் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், கரண்ட் இல்லையென்றால் ஈரத்துணி சுற்றிய மண்பானை உதவும். ஐஸ் கட்டிக்குள் வைத்து உறையவிடாதீர்கள்.

பெண்கள், தனியாக வந்த பிள்ளைகள்?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி அறை. கக்கூஸுக்குப் போகிற வழியில் ராத்திரி முழுக்க ஒரு லைட். நம் பெண்களில் இரண்டு பேர் அந்த அறையிலேயே படுக்கட்டும். மாதவிடாய்த் துணி, பேட் எங்கே கிடைக்கும் என்று பெண்களே பெண்களிடம் சொல்லட்டும். தனியாக வந்த பிள்ளையை எந்த ஒற்றை வீட்டுக்கும் அனுப்பாதீர்கள், எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் சரி. குடித்துவிட்டு வந்து உபசாரம் பண்ணுகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். எல்லாத் தோட்டத்திலும் ஒருவர் இருப்பார், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குத் தகவல் சொல்ல எல்லோரும் தவிக்கிறார்கள். போன் இல்லையே?

ஒரு தாளில் எல்லோருடைய பெயரும், வீட்டு நம்பரும், சொல்ல வேண்டிய ஒரு வரியும். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஒரே ஒருவர் போய் எல்லாவற்றையும் மெசேஜாக அனுப்பட்டும். எல்லோரும் அவரவர் போனைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் மலையில் ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆட்டோ, லொறி பெற்றரியில் சார்ஜ் போடலாம். வரிசை எழுதிவைத்துப் போடுங்கள்.

கனடாவில் ஒரு சின்ன ஊர் இப்படி ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஊரின் பெயர் கேண்டர், நியூபவுண்ட்லாந்துத் தீவில் இருக்கிறது. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல் நடந்ததும் அமெரிக்கா தன் வான்வெளியை மூடியது. அட்லாண்டிக் கடலைக் கடந்துகொண்டிருந்த விமானங்களில் 38 கேண்டரில் இறங்கின. பழைய காலத்தில் விமானங்கள் எண்ணெய் நிரப்ப நின்ற பெரிய விமான நிலையம் அங்கே இருந்ததால்தான் அது முடிந்தது. ஊரில் சுமார் 10,000 பேர், வந்திறங்கியவர்கள் 6,500க்கும் மேல். சோதனை முடியும்வரை பலர் பல மணிநேரம் விமானத்துக்குள்ளேயே இருந்தார்கள். பெட்டிகள் கையில் கிடைக்கவில்லை, மருந்தும் அதற்குள்தான்.

அன்பு, பாசம் என்று சொல்லிச் சொல்லி அந்தக் கதையைச் சர்க்கரைப் பொங்கல் ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. வேலைநிறுத்தத்தில் இருந்த ஸ்கூல் பஸ் டிரைவர்கள் போராட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு வண்டியை எடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர்கள் உலகத்தின் பல ஊர் டொக்டர்களுக்குப் போன் போட்டு, மருந்துச்சீட்டை உறுதிசெய்து மருந்து கொடுத்தார்கள். ஐஸ் ஹொக்கி விளையாடும் அரங்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியாக்கிச் சாப்பாட்டை வைத்தார்கள். விமானத்தின் வயிற்றில் இருந்த நாய், பூனைகளை, ஏன், இரண்டு பொனபோ குரங்குகளைக்கூட, யாரோ நினைத்துப் பார்த்துத் தீனி போட்டார்கள். பக்கத்துச் சிற்றூர்களான கேம்போ, லூயிஸ்போர்ட், ஆப்பிள்டன் எல்லாம் பங்கு எடுத்தன. எல்லாமே வேலை. யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொண்ட வேலை. நம்மிடம் ஹொக்கி அரங்கமும் இல்லை, விமான நிலையமும் இல்லை. பிரித்துக்கொள்வதற்கு அது தேவையும் இல்லை.

காசு கொடுத்தால் வாங்கலாமா?

சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் விலை சொல்லக் கூடாது. பாணும் தண்ணியும் இரட்டை விலைக்கு விற்கிற கடைக்காரரைத் தோட்டமே கூடிப் பேச வேண்டும். ஆனால் போகும்போது மனசாரக் கொடுப்பதைத் தட்டிவிடுவதும் ஒரு வகைக் கர்வம்தான். தனி ஆள் கையில் வாங்காமல் கொப்பியில் எழுதிப் பொதுவில் போடுங்கள். லூயிஸ்போர்ட்டில் தங்கிய ஒரு விமானத்துப் பயணிகள், திரும்பிப் போகிற வழியிலேயே பணம் சேர்த்து அந்த ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு நிதி தொடங்கினார்கள். இங்கேயும் யாராவது கேட்டால் பாடசாலையைக் காட்டுங்கள்.

படம் பிடித்துப் போடலாமா?

கிராம அலுவலருக்குக் காட்ட மண்சரிவைப் பிடியுங்கள். சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிற ஆளைப் பிடிக்காதீர்கள். நம் லயத்தைப் படம் பிடித்து ஐயோ பாவம் என்று போடுகிறவர்களை நாம் எவ்வளவு திட்டுகிறோம்?

நமக்கே சொந்தக் காணி இல்லை, ஒழுங்கான வீடு இல்லை. நாம் ஏன் மற்றவர்களைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

கோபத்தோடு கேட்கப்படுகிற கேள்வி இது. நியாயமான கோபம். இந்த மலைகளுக்கு இந்தியாவிலிருந்து நம் ஆட்கள் வந்து 200 வருஷம் ஆனதை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து நினைவுகூர்ந்தோம். நடுவில் 1948இல் குடியுரிமை போனது, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. இன்றும் லயத்தில் இருப்பவருக்கு நிற்கிற நிலம் சொந்தமில்லை. மழை பெய்தால் முதலில் சாவது யார் என்பதும் தெரியும்.

இதற்குப் புண்ணியம் கிடைக்கும் என்ற பதிலை நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர் நமக்கு இதையெல்லாம் செய்தவர் இல்லை. பெரும்பாலும் நம்மைப் போலக் கூலி வேலைக்குப் போய்வருகிறவர்தான். இதுதான் என் முதல் பதில். இரண்டாவது, மனசில் படுகிறதோ இல்லையோ, காரியத்துக்கு உதவுகிற பதில்: வந்தவர்களுக்காகத் தேடிவைக்கிற பாதுகாப்பான கட்டடம், மழை அளக்கிற டின், மருந்துப் பட்டியல், ஒரே அடுப்பு எல்லாம் முதலில் நமக்குத்தான் தேவை. இவை இல்லாத தோட்டத்தில் விருந்தாளியும் சாவான், வீட்டுக்காரனும் சாவான். அப்புறம், தங்கவைத்ததைக் காட்டி, பார்த்தீர்களா இவர்கள் எவ்வளவு நல்லவர்கள், இருப்பதைக் கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று யாராவது மேடையில் பேசினால், காணிப் பத்திரம் எங்கே என்று அந்த மேடையிலேயே கேளுங்கள். சோறு போட்டது வேறு விஷயம், கேட்க வேண்டியது வேறு விஷயம்.

நான் பயணி. மலையகத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஊர்க்காரர் இறங்கச் சொன்னால் இறங்குங்கள். தெரியாத குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் நடக்காதீர்கள், தண்ணி ஓடும் கான் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியாப் பக்கம் வருகிறீர்கள் என்றால் ஒரு வாரத்து மருந்து கைப்பையில் இருக்கட்டும். தங்குகிற இடத்தில் வேலை கேட்டுச் செய்யுங்கள்: காய் நறுக்கலாம், பிள்ளைகளோடு விளையாடலாம், கக்கூஸுக்குத் தண்ணி தூக்கலாம். உபசரிக்கிற வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று கவனித்துவிட்டு இரண்டாம் முறை சோறு கேளுங்கள்.

எப்போது அனுப்பிவைப்பது?

ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் பையைத் தூக்குவார்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை திறந்திருக்கிறது என்று பொலிசிடமோ கிராம அலுவலரிடமோ கேட்டு உறுதிசெய்யாமல் விடாதீர்கள். நடுவழியில் இன்னொரு தோட்டத்து முன்னால் போய் நிற்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு அனுப்பவே வேண்டாம். போகும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்தும் தேடி வருகிற சொந்தக்காரர் இருப்பார்கள். கட்டிக் கொடுக்க ரொட்டிதான் சரி, சோறு வழியில் புளித்துவிடும். அதன் பிறகு அண்டாவைக் கழுவிக் கோவிலில் கொடுத்து, கம்பளிகளை வெயிலில் போட்டு, கொப்பியை மூடுவதற்கு முன்னால் கடைக்காரரின் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள்.